வாங்காமல் போன கைப்பிடி

வான்துய் கிராமம்
பிப்ரவரி 16, 1998

அன்புத் தம்பி பியாக்தாங்காவுக்கு,

ஆண்டவர் தயவால் நான் நலம். என் இடது முழங்கால் மட்டும் அந்தத் தயவுக்கு வெளியே நின்று அடம்பிடிக்கிறது. நீ, மாவிபூயி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? ஐசால் குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி?

ஒரு செய்தி. போன வாரம் சனிக்கிழமை படுக்கப்போகும்போது நான் ஏழை இல்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போய் வீடு திரும்பும்போது ஏழை ஆகியிருந்தேன். இவ்வளவு வேகமாக யாரும் நொடித்துப்போய் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் கைலியானா ஒரு தாளை எடுத்தார். 'உயர்த்தும் கரம்' என்று ஐசாலில் உன் சபை அலுவலகத்திலிருந்து ஒரு திட்டம் வந்திருக்கிறதாமே, அதற்கு நம் ஊரில் ஐந்து பேரைத் தேர்ந்திருக்கிறார்களாம். ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் பெயர் வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன், பின் பெஞ்சில் வேறு ரோசியாமி யாராவது உட்கார்ந்திருக்கிறாளா என்று. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இரக்கத்தோடு. தம்பி, நம் ஊர்க்காரர்கள் கோபத்தோடு பார்த்தால் எனக்குத் தாங்கும். என் நாக்குக்கு அது பழக்கம்தான். இரக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சரி, கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். நேற்று முன்தினம் சனிக்கிழமை. பெண்கள் சங்கத்தார் கைப்பிடி அரிசி எடுக்க வந்தார்கள். நமக்கு நடை வருவதற்கு முன்பே அம்மா நம் கையைப் பிடித்து, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி டின்னில் போடவைத்தாளே, அந்த அரிசிதான். நான் டின்னைத் துடைத்து வாசலில் வைத்துக்கொண்டு நின்றேன். கூடையோடு வந்தவர்கள் பேசிக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போனார்கள். மறதி என்று நினைத்து முழங்காலையும் மறந்து பின்னாலேயே ஓடினேன். சங்கத் தலைவி சாங்கூமி, என்னோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவள், தரையைப் பார்த்தாள்.

"உன்கிட்ட வாங்கக் கூடாதாம், ரோசியாமி. பட்டியல்ல இருக்கிறவங்க கொடுக்க வேண்டாமாம். பாரமாயிடுமாம்."

"ஒரு பிடி அரிசியா பாரம்? நான் மலையிலேருந்து விறகு சுமந்துட்டு வர்றப்ப உங்க யாருக்கும் இந்தக் கவலை வரலையே?"

"என்கிட்ட ஏன் சீறுற? நான் கூடை தூக்குறவ."

போய்விட்டாள். டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். வழியெல்லாம் ஜன்னல்கள்.

யார் என் பெயரைக் கொடுத்தது என்று மட்டும் விசாரித்து எழுது. உன் அலுவலகம்தானே, உனக்குத் தெரியாமல் இருக்காது. சுமோ ஓட்டும் கீமாவிடம் இந்தக் கடிதத்தோடு கொஞ்சம் இஞ்சி கொடுத்திருக்கிறேன். பாதி அவன் வீட்டுக்குப் போகும், மீதி உனக்கு.

பாசத்துடன், இன்னும் உன் கணக்கில் அக்காவாகவே இருக்கும்,
ரோசியாமி

*

ஐசால்
மார்ச் 9, 1998

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இரட்சகர் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே அனைவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். இஞ்சி கிடைத்தது.

பட்டியலைப் பற்றி நீங்கள் மனம் வருந்தியதில் எனக்கும் வருத்தம். உதவி பெறுவது அவமானமல்ல. 'உயர்த்தும் கரம்' திட்டம் பல மாதங்கள் ஜெபித்து, ஆலோசித்து உருவாக்கப்பட்டது. ஏழைகளிடமிருந்து சபை எதையும் எடுக்கக் கூடாது என்பது அதன் இருதயம். அந்த விதிகளை வகுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்குத் தாழ்மையான மகிழ்ச்சி உண்டு. உங்கள் கூரைக்குத் தகரமும் வரும்.

பெயர்களைத் தேர்வது குழுவின் பொறுப்பு. அதைத் தனிப்பட்ட முறையில் விசாரிப்பது முறையல்ல.

ஈஸ்டருக்கு வர நினைத்தேன். வேலை அதிகம்.

தங்கள் தம்பி,
பியாக்தாங்கா

*

வான்துய்
மார்ச் 24, 1998

தாழ்மையான மகிழ்ச்சியுடைய தம்பிக்கு,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் உன்னைப் போல, எதைக் கேட்டாலும் பதில் சொல்வதில்லை.

நிவாரண அரிசி வந்தது. நாலு இளைஞர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கிவந்தார்கள். இறுதி ஊர்வலமோ என்று பக்கத்து வீட்டு நாய் ஓலமிட்டது. மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். சிவப்பு, வெள்ளை, குறுணை, பசையரிசி எல்லாம் கலந்து கிடந்தது. எந்த வயலிலும் இப்படி ஒரு அரிசி விளையாது. ஊரே பிடி பிடியாகப் போட்ட கைப்பிடி அரிசிதான் இப்படி இருக்கும். இனி அதை ஐசாலுக்கு அனுப்பி விற்காமல் ஊரிலேயே பங்கிடுகிறார்களாம். நல்லதுதான். ஆனால் அதில் ஜனவரி வரை நான் போட்டதும் இருக்கிறதே. என் அரிசியை எனக்கே தானமாகக் கொடுத்து, அதற்கு நான் நன்றியும் சொல்ல வேண்டுமாம்.

சமைத்தேன். சமைக்கும்போது கை தானாகப் போய் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டது. வாங்க ஆள் இல்லை என்று கைக்கு யார் சொல்வது?

பெயர் விஷயமாக மூப்பர் கைலியானா வீட்டுக்குப் போனேன். மனிதர் நல்லவர். டீயைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்தார். "நாங்க நாலு பேரைத்தான் எழுதினோம், ரோசியாமி. அஞ்சாவது மேலேயிருந்து வந்துச்சு" என்றார். காரணம் எழுதியிருந்த தாளையும் வாசித்துக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நியாயத்தீர்ப்பு நாள் குரலில் வாசித்தார்: 'இவர் வீட்டில் மழைக்காலத்தில் குளிக்க ஊற்றுக்குப் போகவேண்டிய தேவையில்லை. படுக்கையிலேயே குளித்துவிடலாம்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வேடிக்கை என்னுடையது. கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ சிரிப்பாய் என்று எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் அலுவலகத்தில் என்னைப் போலவே பேசுகிற யாரோ ஒருவர் இருக்கிறார் போல. அவரை விசாரித்ததாகச் சொல். சிரிக்கச் சொன்னதை விண்ணப்பமாக்குகிறவர் கையில் பைபிள் கிடைத்தால் என்ன ஆகும் என்றும் கேள்.

மாவிபூயிக்கும் பிள்ளைகளுக்கும் முத்தங்கள்.

ரோசியாமி

*

வான்துய்
ஏப்ரல் 27, 1998

தம்பிக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா? கீமா சத்தியமாகக் கொடுத்தேன் என்கிறான். அவன் இஞ்சி விஷயத்தில்தான் பொய் சொல்வான், கடித விஷயத்தில் இல்லை.

தகரம் வந்து கூரையில் ஏறிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒழுகவில்லை. அதற்கு நன்றி. ஆனால் தகரத்தின் மேல் சிவப்புச் சாயத்தில் திட்டத்தின் பெயரையும் பணம் அனுப்பிய சபையின் பெயரையும் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். தெருவிலிருந்து தெரியாது. மேலே பறக்கிற கழுகுக்கு வாசிக்கத் தெரிந்தால் அது நன்றி சொல்லும். எதிர் மலைக்காரர்களுக்கும் தெரிகிறதாம். என்னை இப்போது அடுத்த ஊர்வரை ஏழையாக்கியாகிவிட்டது.

டின் நிறைந்துவிட்டது. பானைக்கு மாற்றிவிட்டேன்.

ரோசியாமி

*

ஐசால்
மே 20, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உங்கள் கடிதங்கள் கிடைத்தன. அலுவலகத் தணிக்கையால் எழுத முடியவில்லை. எனக்கு மூச்சிரைப்பு மட்டுப்பட்டிருக்கிறது.

ஒரு நற்செய்தி. பணம் அனுப்பும் சபையிலிருந்து கடல் கடந்து விருந்தினர் அக்டோபரில் வருகிறார்கள். நம் ஊரையே தேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் உதவி பெற்ற ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவர் நீங்கள். மொழிபெயர்ப்பது நான். இந்த வருகை நல்லபடி முடிந்தால் திட்டம் எல்லா ஊர்களுக்கும் விரியும். பொறுப்பு என்னிடம் வரலாம் என்கிறார்கள்.

மறுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையுடன்,
பியாக்தாங்கா

*

வான்துய்
ஜூன் 18, 1998

தம்பிக்கு,

மழை பிடித்துவிட்டது. நான் நலம், இருமல் மட்டும். நீ சுகமென்று எழுதியதில் சந்தோஷம்.

நம் தெருவின் கோடி வீட்டு ரொப்பியாங்கா போய்விட்டார். உன் அத்தானோடு வேட்டைக்குப் போவாரே, உனக்குக் கூட மரத்தில் பம்பரம் செய்து கொடுத்தாரே, அவர்தான். ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஊர் கிளம்பியது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஒரு கோப்பை அரிசி, கொஞ்சம் விறகு. நானும் பானையிலிருந்து அரிசி எடுத்து, விறகைக் கூடையில் கட்டி, கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமந்துகொண்டு போனேன்.

வாசலில் வாங்கி வைக்கும் வேலை இளைஞர் சங்கத்துக்கு. ஒரு பையன், சாங்கூமியின் பேரன்தான், என் முதுகிலிருந்து கூடையை மெதுவாக இறக்கினான். பணிவான பிள்ளை. பணிவைத்தான் தாங்க முடியவில்லை.

"பெரியம்மா, நீங்க இதெல்லாம் எதுக்கு? நீங்க உள்ள போய் உக்காருங்க. விறகை நாங்களே உங்க வீட்டுல கொண்டுபோய் வச்சிடுறோம்."

"செத்தது என் சிநேகிதன்டா."

"தெரியும் பெரியம்மா. ஆனா பட்டியல்..."

தம்பி, நான் கத்தவில்லை. என் வாய்க்கு என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். விடிய விடியப் பாடினார்கள், நானும் பாடினேன். என் விறகு என் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. ரொப்பியாங்காவின் சவப்பெட்டிக்கு அருகே எரிந்த நெருப்பில் ஊர் முழுக்க இருந்தது, நான் இல்லை. குடித்துவிட்டுக் கிடக்கிற அந்தத் தையல்காரன் கூட ஒரு கட்டை போட்டான்.

என்னை ஏழையாக்கினாய்— மன்னிக்க, ஆக்கினார்கள்— அதைக்கூடப் பொறுத்தேன். சாவு வீட்டில் நெருப்புக்கு ஒரு கட்டை போடமுடியாதவளாக்கினால் அதற்குப் பெயர் என்ன? நீ படித்தவன், சொல்.

கூரை ஒழுகுவதை நான் எழுதியது ஒரே ஒரு ஆளுக்கு. அதைப் பற்றி இனி நான் கேட்கப்போவதில்லை.

சாட்சிதானே? சொல்கிறேன்.

அக்கா

*

ஐசால்
செப்டம்பர் 14, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ரொப்பியாங்கா மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம்.

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதற்குக் குழு நன்றி தெரிவிக்கிறது. உங்கள் வசதிக்காக நான் எழுதிய சில வரிகள்: 'நான் இருளில் இருந்தேன். ஒழுகும் கூரையின் கீழ் அழுதேன். ஒரு கரம் என்னை உயர்த்தியது. இப்போது எனக்குக் குறையில்லை.' மேலும் எதுவும் சேர்க்க வேண்டாம், நேரம் குறைவு.

உடை பற்றி: சுத்தமான புவான் கட்டவும். ஆனால் எனக்கும் மாவிபூயிக்கும் நடந்த கல்யாணத்துக்கு நீங்கள் கட்டிய அந்தக் கரை போட்டது வேண்டாம். படத்தில் வேறு மாதிரித் தெரியும். ரொம்பக் கிழிந்ததும் வேண்டாம். நடுத்தரமாக.

தங்கள்,
பியாக்தாங்கா

*

வான்துய்
அக்டோபர் 26, 1998

தம்பிக்கு,

நீ பத்திரமாக ஐசால் சேர்ந்தாய் என்று கீமா சொன்னான். நல்லது. என் வீட்டுப் படிவரை வந்துவிட்டு, டீ வைத்திருக்கிறேன் என்று சொல்லியும், விருந்தினர் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டாய். நாலு வருஷத்துக்குப் பிறகு வந்தவன். அந்த டீயைப் பன்றிக்கு ஊற்றினேன். அதுவும் ஆறிப்போனதைக் குடிக்காதாம்.

அன்று நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீ அங்கே இருந்தாயா என்று எனக்குச் சந்தேகம். நீ முழு நேரமும் விருந்தினரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

கரை போட்ட புவானைத்தான் கட்டினேன். நடுத்தரம் என்னிடம் இல்லை.

மேடையில் நான் சொன்னது இது: "நான் ரோசியாமி. ஜனவரி வரைக்கும் இந்தச் சபைக்குக் கொடுத்தவ. இப்ப வாங்குறவ. கூரைக்கு நன்றி, ஒழுகலை. ஆனா நீங்க ஒரு கையில கொடுத்துட்டு இன்னொரு கையால என் கையைப் பிடுங்கிட்டுப் போயிட்டீங்க. என் அரிசியை வாங்க மாட்டேங்குறாங்க. சாவு வீட்டுல என் விறகைத் திருப்பி அனுப்புறாங்க. கூரையை வேணா பிரிச்சு எடுத்துட்டுப் போங்க, என் கையைக் கொடுத்துட்டுப் போங்க."

மூப்பர் கைலியானா தன் செருப்பை ஆராய ஆரம்பித்தார். நீ விருந்தினர் பக்கம் திரும்பி, இனிமையான குரலில், என்னுடையதில் பாதிகூட இல்லாத நீளத்துக்கு ஏதோ சொன்னாய். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளை முடி அம்மாள் கண்ணைத் துடைத்தாள். பக்கத்திலிருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஆங்கிலம் தெரியும். "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். அவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. இன்றுவரை என்னைப் பார்த்தால் இருமுகிறார்.

என்னடா சொன்னாய்?

உன் நாக்கு இடையில் நிற்கும்வரை என் பேச்சு அவர்களிடம் போகாது என்று புரிந்தது. அதனால்தான் புவான் முடிச்சில் கட்டி வைத்திருந்த அரிசியை ஒரு பிடி அள்ளிக்கொண்டு இறங்கிப் போனேன். அந்த அம்மாளின் கையை விரித்து அதில் வைத்தேன். அரிசியை மொழிபெயர்க்க முடியாதே என்ற தைரியம். அவள் அரிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன், தம்பி. எட்டு மாதமாக ஒருவரும் வாங்காததை எங்கிருந்தோ வந்த ஒருத்தி வாங்கிக்கொண்டாள் என்று.

என் தலையில் தூவினாள்.

அவர்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு அப்படிச் செய்வார்களாம், வாத்தியார் பிறகு சொன்னார். ஐம்பத்தி மூன்று வயது விதவைக்குக் கல்யாணம். மறுபடியும் கைதட்டல். படக்காரன் படம் எடுத்தான். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனபிறகு நான் உட்கார்ந்து மண்ணிலிருந்து அரிசியைப் பொறுக்கினேன். சிந்தின அரிசியை மிதிக்க நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே. கொஞ்ச நேரத்தில் எதிரே இன்னொரு கை வந்து பொறுக்க ஆரம்பித்தது. சாங்கூமி. பொறுக்கினதை என் புவானில் போட்டுவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

மாவிபூயி எனக்கென்று கொடுத்தனுப்பிய பிஸ்கட்டை நீ கொடுக்க மறந்துவிட்டாயாம், கீமாவிடம் புலம்பினாளாம். சொல், பரவாயில்லை என்று.

ரோசியாமி

*

ஐசால்
நவம்பர் 23, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

விருந்தினர் மிகவும் நெகிழ்ந்து திரும்பினார்கள். அரிசி தூவும் படம் அவர்கள் சபைப் பத்திரிகையின் அட்டையில் வந்திருக்கிறது. ஒரு பிரதி இணைத்துள்ளேன். திட்டம் அடுத்த ஆண்டு எல்லா ஊர்களுக்கும் செல்கிறது. பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பில் சில விஷயங்கள் சுருங்குவது இயல்பு.

உங்கள் பெயர் அடுத்த ஆண்டும் தொடரும். கவலை வேண்டாம்.

பியாக்தாங்கா

*

வான்துய்
டிசம்பர் 14, 1998

திட்டப் பொறுப்பாளர் தம்பிக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள், பொறுப்பு மூச்சிரைப்புக்கு ஆகாது. அட்டைப் படத்தைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். ஆனந்தம் என்று கீழே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே பட்டியலில் உள்ள மற்ற நாலு பேரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். காது கேளாத பெரியவர், கால் போன தச்சன், இரண்டு விதவைகள். டீ கொடுத்து, "உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் திருடு பிடிபட்டவர்கள் போல் விழித்தார்கள். பெரியவர் படுக்கைக்கு அடியில் ஒரு டின் ஒளித்து வைத்திருந்தார். தச்சனிடம் ஒரு தலையணை உறை நிறைய இருந்தது. என்னைப் போலவே ஒருவரிடமும் சொல்லாமல், வாங்க ஆளில்லாமல், சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினோம். கைப்பிடி அரிசி தேவையுள்ளவருக்குப் போக வேண்டும். யார் தேவையுள்ளவர்? நாங்களும் ஒரு குழு ஆனோம், ஜெபித்தோம், ஆலோசித்தோம். எல்லாம் உன் முறைப்படிதான். நாலு வருஷமாகக் கூடப்பிறந்தவள் கைச் சோறு சாப்பிடாதவர், அக்காள் வீட்டு டீக்கு வழியில்லாதவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்லாதவர் ஒருவர் ஐசாலில் இருப்பதாக நான் தெரிவித்தேன். பெயரைக் கொடுத்தது நான்தான். நான் அதை மறைக்கவில்லை. ஒரே மனதாக ஏற்றார்கள். தச்சன் ஒலிபெருக்கியில் அறிவித்தான்: "பியாக்தாங்கா என்பவர் தேவையுள்ளவராகக் கண்டறியப்பட்டிருக்கிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." ஊர் சிரித்த சிரிப்பில் மூப்பர் கைலியானாவே கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாராம்.

அன்று சாயங்காலம் சாங்கூமி வந்தாள். கை மூடியிருந்தது.

"அந்த மூட்டையில இதையும் போடு. அவன் எனக்கும் தம்பி மாதிரிதான்."

"வாங்க முடியாது."

"ஏன்?"

"நீ பட்டியல்ல இல்லை. பட்டியல்ல இருக்கிறவங்கதான் போடலாம். விதி."

"ஒரு பிடி அரிசியை வாங்கறதுக்கு என்னடி விதி? மனுஷி கொண்டுவந்து நிக்கிறேன், வாங்க மாட்டேன்னா நான் யாரு? நாயா?"

சாங்கூமி மூடிய கையோடு படியில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கூடை என் வாசலில் நின்றது. அவள்தான். என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "சீக்கிரம் போடு, இன்னும் நாலு வீடு இருக்கு" என்றாள். அந்த நாலு வீடு எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலிடத்து உத்தரவு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மேலிடம் வந்து என் கூடையைப் பிடிக்கட்டும்" என்றாள். போட்டேன், தம்பி. அவசரத்தில் கொஞ்சம் கீழே சிந்திற்று. அவள் திட்டினாள். காது குளிர்ந்தது.

ஆனால் உன் மூட்டை உன்னுடையதுதான். கீமா கொண்டுவருவான். விதிகள் உனக்குத் தெரியும், நீ வகுத்தவை. பெறுகிறவர் எதையும் திருப்பித் தரக்கூடாது. பாரமாகிவிடும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பிள்ளைகளை அணைத்துக்கொள்.

அக்கா

*

ஐசால்
ஜனவரி 11, 1999

அக்காவுக்கு,

அரிசி வந்தது. கீமா அதை வீட்டில் கொடுக்காமல் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தான், டீ நேரத்தில். எல்லோர் முன்னிலும் சத்தமாக அறிவித்தான். என் மேலதிகாரி படம் எடுக்கச் சொல்லவா என்று கேட்டார்.

மாவிபூயி உங்களுக்கு ஒரு கம்பளியும் சர்க்கரையும் கட்டிக் கொடுத்தாள். கீமா வாங்க மறுத்துவிட்டான். நான் கெஞ்சியும் மறுத்துவிட்டான். உங்கள் உத்தரவாம். இது என்ன நியாயம், அக்கா? நான் பிச்சைக்காரனா? உங்கள் தம்பி. உங்களுக்கு ஒரு கம்பளி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?

பியாக்தாங்கா

*

வான்துய்
ஜனவரி 18, 1999

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முழங்காலும் கொஞ்சம் நலம். இது நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். மற்றவையெல்லாம் உன் அலுவலகம் எழுதியது.

நீ கேட்டது நல்ல கேள்வி. பிப்ரவரியிலிருந்து யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தோம். பெரியவருக்காக இன்னொரு தடவை கத்தி வாசித்தோம். அவர் அழுதுவிட்டார். பாவம் பையன், அவனிடம் வாங்கிக்கொள்ளலாமே என்றார். அவரைவிட எனக்கு நெஞ்சு கல் என்று உனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் கூடை எல்லா வாசலிலும் நிற்கிறது. மற்ற ஊர்களில் உன் விதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் வாசல்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். படுக்கைக்கு அடியில் எத்தனை டின் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். இப்போது பொறுப்பு உன்னிடம். நீ எழுதிய விதியை நீயே அடித்து, எல்லாச் சபைகளுக்கும் தாள் அனுப்பு. நம் சபைக்கு வரும் தாளை மூப்பர் கைலியானா ஞாயிற்றுக்கிழமை வாசிக்கட்டும், அதே நியாயத்தீர்ப்புக் குரலில். அன்று உன் கம்பளியை நான் போர்த்திக்கொள்கிறேன்.

அதுவரை சாப்பிடு. அரிசி தீர்ந்துபோனால் கூச்சப்படாமல் எழுது, இன்னும் அனுப்புகிறோம்.

உன் அக்கா,
ரோசியாமி